காத்திருப்பின் கணக்கு: பெருந்திரளான மைக்ரோசர்வீஸ்களை மாதிரி அமைத்து ஓட்டிப் பார்த்தல்

ஆயிரக்கணக்கான சர்வர்களில் பரவி, நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரிந்து இயங்கும் ஒரு மென்பொருள் அமைப்பை, அதன் முழு உருவிலேயே இன்னொரு பிரதியாக எடுத்து நிறுத்திச் சோதித்துப் பார்ப்பது பெரும்பாலோர்க்குக் கைகூடாத காரியம். அடுத்த மாதம் வாடிக்கையாளர் தொகை இரட்டித்தால் எந்தச் சேவை முதலில் திணறும், கேஷ் ஒன்று விழுந்துவிட்டால் அதன் பின்னாலிருக்கும் டேட்டாபேஸ் தாங்குமா, ஒரு சேவைக்குப் பத்துப் பிரதிகள் போதுமா, பதினைந்து வேண்டுமா என்பன போன்ற கேள்விகளுக்கு, உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின்மீதே கை வைத்து விடை காண முற்படுவது உபயோகிப்போரைப் பணயம் வைப்பதாகும். கணினிக்குள்ளேயே ஒரு மாதிரியை அமைத்து, அதை ஓடவிட்டு விடை தேடும் சிமுலேஷன் முறையே இவ்வத்தியாயத்தின் விஷயம். தொடங்குமுன் ஒன்றை வற்புறுத்திச் சொல்லிவிட விரும்புகிறேன். மாதிரி அமைப்போர் பலர், ஒவ்வொரு சேவையும் செய்யும் வேலையை நுணுகி நுணுகி வரைவதிலேயே தம் சக்தியைச் செலவிடுகிறார்கள். ஆனால் நெரிசல் மிகுந்த வேளைகளில் உபயோகிப்பவர் அனுபவிக்கும் தாமதத்தின் பெரும்பங்கு காத்திருப்பிலிருந்தே வருகிறது. எங்கே, யார், எதற்காகக் காத்திருக்கிறார்கள், பொறுமையிழந்தால் என்ன செய்கிறார்கள் என்பதைச் சரியாகச் சொல்லும் மாதிரி, மற்றவற்றில் எவ்வளவு எளிமையாயிருந்தாலும் நமக்குப் பயன்படும்.

காத்திருப்பைக் கணக்கிடும் சாஸ்திரம் கணினியைக் காட்டிலும் மூத்தது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய கணித அறிஞர் அக்னர் கிராருப் எர்லாங், டெலிபோன் அழைப்புகளின் வருகையை நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராய்ந்து 1909-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்தனை கம்பிகள் இருந்தால் இத்தனை அழைப்புகள் தட்டிப்போகும் என்று கணிக்கும் சூத்திரத்தை 1917-இல் தந்தார். பின்னர் 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த விதி, எளிமையில் அதற்கு நிகரான இன்னொன்றைக் காண்பது அரிது என்று சொல்லத்தக்கது: ஓர் அமைப்புக்குள் சராசரியாகத் தங்கியிருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, அவை வரும் வேகத்தையும் அவை உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். நொடிக்கு 2,000 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் 50 மில்லிசெகண்டு தங்குமானால், எந்தக் கணத்திலும் சராசரி 100 கோரிக்கைகள் உள்ளே இருக்கும். ஆகவே, ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு த்ரெட்டைக் கடைசிவரை பிடித்துவைத்திருக்கும் சேவையில் 64 த்ரெட்களே இருந்தால், மாதிரி எதையும் எழுதாமலேயே அந்தச் சேவை தாங்காது என்று சொல்லிவிடலாம். எழுதிய பின்னரும், சிமுலேஷன் தரும் எண்கள் இந்த விதிக்கு ஒத்துவருகின்றனவா என்று ஒவ்வொரு சேவைக்கும் சரிபார்ப்பது முதற்கடமை. ஒத்துவராவிட்டால் நிரலில் எங்கோ கோரிக்கைகள் காணாமற் போகின்றன, அல்லது இருமுறை எண்ணப்படுகின்றன.

சுமைக்கும் தாமதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடன்று என்பதையும் இவ்விடத்தில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒழுங்கின்றி வரும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சராசரி 10 மில்லிசெகண்டில் முடிக்கும் ஒற்றைச் சர்வர் ஒன்றை எண்ணிக்கொள்வோம். முடிக்கும் நேரமும் எக்ஸ்பொனென்ஷியல் விநியோகப்படி மாறிக்கொண்டிருக்குமானால், அந்தச் சர்வர் பாதி நேரம் வேலையாயிருக்கும்போது சராசரித் தாமதம் 20 மில்லிசெகண்டு. 80 சதவீதத்தில் 50. 90 சதவீதத்தில் 100. 95 சதவீதத்தில் 200. கடைசி ஐந்து சதவீதச் சுமை, அதற்கு முந்திய தொண்ணூறும் கூடிச் செய்த அளவுக்குத் தாமதத்தை ஏற்றிவிடுகிறது. இதோடு, வேலை நேரம் எவ்வளவு ஏற்றத்தாழ்வுடையதோ அவ்வளவுக்குக் காத்திருப்பும் மிகும் என்பதைப் போலாசெக், கின்சின் என்னும் இருவர் பெயரால் வழங்கும் சூத்திரம் நிறுவுகிறது. ஆகவே சராசரி வேலை நேரத்தை மட்டும் அளந்து, அந்த ஓர் எண்ணை மாதிரிக்குள் இட்டு ஓட்டுபவர், உள்ளதைவிட நல்ல செய்தியையே எப்பொழுதும் பெறுவார்.

இத்தகைய சூத்திரங்கள் இருக்கையில் சிமுலேஷன் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். சூத்திரங்கள் ஒரு வரிசையை அழகாக விளக்குகின்றன. வரிசைகள் பல ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, ஒன்றின் நெரிசல் மற்றொன்றின் த்ரெட்களைப் பிடித்து நிறுத்தும் நிலையை அவை விளக்கத் தடுமாறுகின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட டெத்ஸ்டார்பெஞ்ச் என்னும் சோதனைத் தொகுதியில் உள்ள சமூக வலைத்தளத்தை உதாரணமாகக் கொள்வோம். ஒருவர் தம் முகப்புப் பக்கத்தைத் திறந்தால், கோரிக்கை முதலில் என்ஜின்எக்ஸ் வாயிலில் நுழைந்து, முகப்புப் பட்டியலைத் தொகுக்கும் சேவைக்குப் போகிறது. அது ரெடிஸிடம் பதிவுகளின் அடையாள எண்களைக் கேட்டு, அவற்றைப் பதிவுக் களஞ்சியச் சேவையிடம் கொடுக்கிறது. களஞ்சியச் சேவை முதலில் மெம்கேஷ்டில் தேடி, இல்லாதவற்றை மாங்கோடிபியில் எடுக்கிறது. மாங்கோடிபி சிறிது தாமதித்தால், களஞ்சியச் சேவையின் த்ரெட்கள் அதற்காகக் காத்து நிற்கும். அவை விடுபடாமையால் முகப்புச் சேவையின் த்ரெட்களும் நிற்கும். அவ்வாறே வாயில்வரை நெரிசல் பின்னோக்கி ஏறிவரும். இந்தப் பின்னழுத்தத்தை அந்த ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள்: குற்றம் மெம்கேஷ்டில் இருக்க, நெரிசல் என்ஜின்எக்ஸில் தெரிகிறது, தானியங்கி அளவுப்படுத்தி என்ஜின்எக்ஸுக்கே மேலும் பிரதிகளைச் சேர்க்கிறது, அவை உள்ளே இன்னும் அதிகக் கோரிக்கைகளை அனுமதித்து நோயை வளர்க்கின்றன. இந்தச் சங்கிலியை மாதிரியில் ஓட்டிப் பார்ப்பவர், நோய் தெரியும் இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் வேறொன்று என்பதைப் பிரத்தியட்சமாகக் காண்பார்.

கிளைகள் விரியும் அமைப்புகளில் இன்னொரு கஷ்டமும் உண்டு. கூகிளைச் சேர்ந்த ஜெஃப் டீனும் லூயிஸ் ஆந்த்ரே பரோசோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் ஓர் எளிய கணக்கு வருகிறது. நூற்றில் ஒரு தடவை மட்டும் ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் சர்வர்கள் நூறை ஒரே கோரிக்கை ஒருங்கே நாடி, எல்லாருடைய விடைக்கும் காத்திருக்க நேர்ந்தால், அக்கோரிக்கைகளில் 63 சதவீதம் ஒரு நொடியைத் தாண்டிவிடும். தனிச் சேவையில் அபூர்வமாயிருந்த கடைக்கோடித் தாமதம், கூட்டில் சாதாரணமாகிவிடுகிறது. ஆகவே நம் மாதிரி, சராசரியைச் சரியாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், 99-ஆம் சதமானத்தையும் அதற்கு அப்பாலும் நம்பத்தக்க அளவில் சொல்ல வேண்டும்.

இனி மாதிரியை அமைக்கும் முறைக்கு வருவோம். ஆஸ்லோவிலுள்ள நார்வே கணினி நிலையத்தில் கிறிஸ்டன் நிகார்டும் ஓலே யோஹான் டாலும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கிய காலம்தொட்டு இன்றுவரை அதன் சாரம் மாறவில்லை. இனி நிகழவேண்டிய நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, முதலில் உள்ளதை எடுத்து நிறைவேற்றி, அதனால் விளையும் புதிய நிகழ்ச்சிகளைப் பட்டியலில் சேர்த்து, கடிகாரத்தை அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவச் செய்வதே அம்முறை. ஒன்றும் நிகழாத இடைவெளிகள் ஒரு கணமும் செலவின்றிக் கழிந்துவிடுகின்றன. சிறிய முயற்சிகளுக்குப் பைதான் மொழியின் சிம்பை நூலகமே போதும். ஒவ்வொரு சேவைக்கும் மாதிரியில் குறிக்கவேண்டியவை அதிகமல்ல: எத்தனை பிரதிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை த்ரெட்கள், வரிசையின் எல்லை என்ன, வேலை நேரத்தின் விநியோகம் எப்படி, எந்தெந்தச் சேவைகளை எந்த முறையில், ஒன்றன்பின் ஒன்றாகவா ஒருங்கேயா, அழைக்கிறது, அவற்றோடு எத்தனை இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது, எவ்வளவு நேரம் பொறுத்திருந்து டைம்அவுட் ஆகிறது, ஆனபின் எத்தனை முறை மறுபடியும் முயல்கிறது. இவற்றில் கடைசி மூன்றையும் விட்டுவிட்டு மாதிரி எழுதுவோர் மிகப் பலர். என் அபிப்பிராயத்தில், முதலில் எழுதவேண்டியவையே அவை மூன்றும்தான்.

எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதற்கு இரு ஆராய்ச்சிக் கருவிகளை ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2012-இல் வெளிவந்த பிக்ஹவுஸ், ஒரு சர்வரின் செயலையெல்லாம் ஒரே வரிசையாகச் சுருக்கி, பெரிய டேட்டா சென்டர்களை விரைவில் ஆராய வழிசெய்தது. கார்னெலிலிருந்து 2019-இல் வந்த மியூ-க்யூசிம், ஒரு சேவைக்குள்ளேயே செய்தியை வாங்குதல், படித்தல், கணக்கிடுதல், அனுப்புதல் எனப் படிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வைத்தது. நெட்வொர்க் செய்திகளைக் கூட்டமாக வாரியெடுக்கும் சேவைகளில், சுமை மிகும்போது ஒவ்வொரு செய்திக்கும் ஆகும் செலவு குறைகிறது. ஒரே வரிசையாகச் சுருக்கிய மாதிரிக்கு இது புலப்படாது. ஆயினும் தொடங்குபவர் ஒரே வரிசையிலிருந்தே தொடங்கி, அளந்த உண்மையோடு அது முரண்படும் சேவையில் மட்டும் படிகளைப் பிரிப்பதே விவேகம். ப்ராசஸர் ஒவ்வோர் ஆணையையும் நிறைவேற்றுவதைப் போலவே காட்டும் நுண்ணிய சிமுலேஷன்கள் இந்தப் பரப்புக்கு ஒவ்வா; ஒரு நொடியின் கதையைச் சொல்ல அவை பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

மாதிரிக்கு வேண்டிய எண்கள் எங்கிருந்து வரும்? கோரிக்கை ஒவ்வொன்றும் சேவை விட்டுச் சேவை போன வழியைப் பதியும் ட்ரேஸ்களிலிருந்து. கூகிள் நிறுவனம் 2010-இல் விவரித்த டாப்பர் இவ்வழியில் முன்னோடி. ஜிப்கின், யேகர், ஓபன்டெலிமெட்ரி ஆகியவை அதன் வழித்தோன்றல்கள். ட்ரேஸில் ஒரு சேவைக்கு எதிரே காணும் கால அளவை அப்படியே வேலை நேரமாகக் கொள்வது மிகப் பெரிய பிழை. அதற்குள் அச்சேவை பிறரை அழைத்துக் காத்திருந்த நேரமும், பெரும்பாலும் தன் வரிசையில் நின்ற நேரமும் அடங்கியுள்ளன; அந்த எண்ணை மாதிரிக்குள் இட்டு, மாதிரியும் தன் பங்குக்கு வரிசையை உண்டாக்கினால், ஒரே காத்திருப்பு இருமுறை கணக்கில் ஏறிவிடும். ஆகவே பிள்ளை அழைப்புகள் நிகழ்ந்த இடைவெளிகளை, ஒன்றன்மேல் ஒன்று படிந்தவற்றை ஒருமுறையே எண்ணிக் கழித்துவிட்டு, சுமை மிகக் குறைந்த வேளையில் கிடைத்த மிச்சத்தையே வேலை நேரமாகக் கொள்க. டாப்பர் தன் முதற் காலத்தில் 1,024 கோரிக்கைகளில் சராசரி ஒன்றையே பதிந்தது; இத்தகைய மாதிரியெடுப்பில் கடைக்கோடித் தாமதங்கள் எளிதில் நழுவிப்போகும் என்பதால், தாமதமானவற்றைத் தேடிப் பதியும் ஏற்பாடு வேண்டும். தம்மிடம் ட்ரேஸ்கள் இல்லாதவர்கள், சீனாவின் அலிபாபா நிறுவனம் 2021-இல் பொதுவில் வெளியிட்ட மைக்ரோசர்வீஸ் பதிவுகளைப் பயன்படுத்தலாம். ஏறத்தாழ 20,000 சேவைகளின் நடமாட்டம் அதில் உள்ளது. மிகச் சில சேவைகளையே பெரும்பாலான கோரிக்கைகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அதில் வெளிப்பட்டது. அமைப்பைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் வேறாகச் சோதிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இவ்வொன்றே போதுமான மறுப்பு.

கோரிக்கைகள் வரும் விதத்தைப் பற்றியும் சிறிது நின்று யோசிக்க வேண்டும். ஊர்ப் பொதுக்கிணற்றில் பத்துப் பேர் மாறிமாறித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றால், கயிறு அறுந்து வேலை நின்றாலும் வரிசையில் பத்துப் பேருக்கு மேல் நிற்க முடியாது. முன் எடுத்த குடத்தை வீட்டில் கொட்டிவிட்டு வந்தவரே மறுபடி வருகிறார். தேர்த் திருவிழாக் கூட்டமோ, உள்ளே இடம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. சுமை கொடுக்கும் கருவிகளில் பல முதல் வகையைச் சேர்ந்தவை. இணையத்தில் வரும் உண்மைச் சுமை பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பியான்கா ஷ்ரோடர், ஆடம் வியர்மன், மோர் ஹார்ச்சோல்-பால்டர் ஆகிய மூவர் 2006-இல் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, ஒரே சுமையில் ஒரே சர்வர் இரு வகையிலும் வெகுவாக வேறுபட்ட தாமதங்களைத் தருவதைக் காட்டினார்கள். கில் டேனே என்னும் பொறியாளர் சுட்டிக்காட்டிய குறையும் இதனோடு சேர்ந்தது: சர்வர் நின்றுபோன வேளையில் அளக்கும் கருவியும் புதிய கோரிக்கை அனுப்பாமல் நின்றுவிட்டால், மிக மோசமான கணங்களே கணக்கிலிருந்து விடுபட்டுப் போகின்றன. மாதிரியில் வருகையை இரண்டாம் வகையாகவே, அதாவது திறந்த வகையாகவே, வையுங்கள்.

பரப்பு பெரிதாகும்போது சிமுலேஷனே ஒரு சுமையாகிறது. நொடிக்கு 1,00,000 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 20 சேவைகளைத் தொடுகிறது, ஒவ்வொரு தொடுதலுக்கும் 6 நிகழ்ச்சிகள் என்றால், மாதிரியுலகின் ஒரு நொடிக்கு 1.2 கோடி நிகழ்ச்சிகள். பத்து நிமிடத்துக்கு 720 கோடி. ஒரு ப்ராசஸர் நொடிக்குப் பத்து லட்சம் நிகழ்ச்சிகளை நிறைவேற்றும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் ஆகும். இது பொறுத்துக்கொள்ளத் தக்கதே. பல விதமான அமைப்புகளை ஒப்பிடுவதற்குப் பல இயந்திரங்களில் தனித்தனி ஓட்டங்களாக விடுவது, ஒரே ஓட்டத்தைப் பல ப்ராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட வெகு சுலபம். சிலர் காலத்தை மிச்சப்படுத்த, 100 பிரதிகளைப் பத்தாகவும் சுமையைப் பத்தில் ஒன்றாகவும் குறைத்து, விகிதம் ஒன்றுதானே என்று திருப்தியடைகிறார்கள். விகிதம் ஒன்றேயாயினும் காத்திருப்பு ஒன்றன்று. பொது வரிசையிலிருந்து எடுக்கும் 10 சர்வர்கள் 90 சதவீதச் சுமையில் இருந்தால், வரும் கோரிக்கைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 67 காத்திருக்க நேரும். அதே சுமை விகிதத்தில் 100 சர்வர்கள் இருந்தால் ஏறத்தாழ 22 மட்டுமே. சிறிய மாதிரி இங்கே வீண் பீதியையே தரும். சேவையொன்றில் விரியும் கிளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சுருக்கினாலோ, கடைக்கோடித் தாமதத்தை மறைத்து வீண் தைரியத்தைத் தரும்.

ஓட்டத்தின் தொடக்கத்தில் வரிசைகள் காலியாயிருப்பதால் அப்பகுதியின் அளவுகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பதும், வெவ்வேறு தற்செயல் விதைகளோடு பல ஓட்டங்கள் வேண்டும் என்பதும் நூல்கள்தோறும் சொல்லப்படுபவை. 99.9-ஆம் சதமானத்தை நாடுவோர் நினைவில் கொள்ளவேண்டியது, 10,000 கோரிக்கைகளில் அதற்கு அப்பால் நிற்பவை 10 மட்டுமே, அந்தப் பத்தும் பெரும்பாலும் ஒரே நெரிசலில் சிக்கியவை என்பது. அதன்பின், மாதிரி சொல்வதை உண்மையோடு ஒப்பிடுக. ஒரு சுமையில் ஒத்துவருவது சான்றாகாது. குறைந்த சுமை, நடுச்சுமை, திணறத் தொடங்கும் சுமை ஆகிய மூன்றிலும் ஒத்துவர வேண்டும். அதற்கும் மேலாக, ஒரு சேவையின் பிரதிகளைக் குறைத்தால் என்ன ஆகும் என்று மாதிரி முன்கூட்டிச் சொன்னதை, சிறியதொரு சோதனைக் களத்தில் செய்து பார்த்து அது பலிக்கிறதா என்று காண வேண்டும்.

மாதிரியின் உண்மையான பெறுமதி, எல்லாம் சரியாக நடக்கும் நாளைக் காட்டுவதைவிட, கெட்ட நாளைக் காட்டுவதிலேயே இருக்கிறது. அமேசானின் டைனமோடிபி சேவை 2015 செப்டம்பர் 20 அதிகாலை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தடுமாறியதை அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறது. சிறியதொரு நெட்வொர்க் இடையூறு வந்து போயிற்று. அதனால் சேமிப்புச் சர்வர்கள் பல, எந்தத் தரவுக்குத் தாம் பொறுப்பு என்னும் விவரத்தை மையச் சேவையிடம் ஒரே வேளையில் கேட்டன. அந்த விவரம் முன்பைவிடப் பெரிதாகிவிட்டிருந்ததால் விடை குறித்த நேரத்துக்குள் வரவில்லை. கேட்டவை திரும்பத் திரும்பக் கேட்டன. நெட்வொர்க் சீரான பின்னும் நெரிசல் நீங்கவில்லை. மையச் சேவைக்குக் கூடுதல் இயந்திரங்கள் சேர்க்கும் கட்டளைகூட அந்த நெரிசலில் உள்ளே நுழைய முடியாமற் போயிற்று. கடைசியில் கோரிக்கைகளையே நிறுத்திவைத்து, இயந்திரங்களைச் சேர்த்து, மீண்டும் திறந்துவிட்டார்கள். பசிபிக் நேரப்படி 2 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கியது 7 மணிக்கு மேல்தான் தீர்ந்தது. தூண்டிய காரணம் நீங்கிய பின்னும் நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்நிலையை 2021-இல் நேதன் பிரான்சனும் பிறரும் தனியாக வகைப்படுத்தி எழுதினார்கள். அழைப்புச் சங்கிலியில் மூன்று அடுக்குகள் ஒவ்வொன்றும் மும்மூன்று முறை முயலுமானால், அடியிலுள்ள டேட்டாபேஸுக்கு ஒரு கோரிக்கை 27 ஆக வந்து சேரும் என்பதை எண்ணினால், நிலைமை எவ்வாறு முற்றுகிறது என்பது விளங்கும்.

இதைச் சோதிக்க, மாதிரியை வழக்கமான சுமையில் ஓடவிட்டு, நிலைபெற்ற பின், ஏதேனும் ஒரு சேவையின் வேகத்தை முப்பது நொடிக்கு மட்டும் பாதியாகக் குறைத்து, பின் பழையபடி ஆக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு மாதிரியுலகில் பத்து நிமிடமாவது ஓட்டத்தைத் தொடர்ந்து, தாமதம் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறதா, திரும்பினால் எந்த நொடியில் என்று பாருங்கள். இச்சோதனையில் தானியங்கி அளவுப்படுத்தியும் மாதிரிக்குள் இருக்க வேண்டும். குபர்னெட்டிஸில் அது வழக்கமாக 15 நொடிக்கு ஒருமுறையே நிலைமையைப் பார்க்கிறது, புதிய பிரதி எழுந்து வேலைக்கு வர அதற்கு மேலும் நேரமாகிறது, ப்ராசஸர் உபயோகத்தை மட்டும் பார்ப்பதாயிருந்தால், த்ரெட்கள் எல்லாம் சும்மா காத்து நிற்கும் சேவை அதன் கண்ணுக்கு ஓய்வாயிருப்பதாகவே தோன்றும். அமைப்பு திரும்பவில்லையென்றால், சுமையை ஐந்து ஐந்து சதவீதமாகக் குறைத்து, எந்தச் சுமையில் அது தானே மீள்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு மேற்பட்ட சுமையில் நாள்தோறும் ஓடும் அமைப்பு, வெளியே ஆரோக்கியமாகத் தோன்றினாலும் ஆபத்தில் இருப்பதுதான். பிறகு பரிகாரங்களை ஒவ்வொன்றாக, அதே தற்செயல் விதைகளோடு ஓட்டிப் பாருங்கள்: மறுமுயற்சிகளை மொத்தக் கோரிக்கைகளில் பத்தில் ஒன்றுக்கு மிகாமல் கட்டுப்படுத்துவது, கேட்டவர் ஏற்கெனவே கைவிட்டுவிட்ட கோரிக்கைகளை வரிசையிலிருந்து நீக்குவது, வரிசையின் எல்லையைக் குறுக்கி மிஞ்சியவற்றை வாயிலிலேயே மறுத்துவிடுவது. இந்த ஓட்டங்களின் தாமதக் கோடுகளை ஒரே தாளில், ஒரே கால அளவையில் வரைந்து, இடையூறு தொடங்கிய நொடியையும் நீங்கிய நொடியையும் அதன்மேல் குறித்து, மாதிரியில் விட்டுவிட்டவை இன்னவை என்ற பட்டியலையும் இணைத்து, இரவில் அந்த அமைப்பைக் காவல் காக்கும் பொறியாளர்களின் கையில் முதலில் கொடுங்கள்; எந்த எண் அவர்கள் அனுபவத்தோடு முரண்படுகிறது என்று அவர்களே சொல்வார்கள், அடுத்த ஓட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.